ஒன்பதாம் தேதி வைத்த கோழிச் சூப்பு

சான் மிகேல் தே துக்குமான்,
ஜூலை 14, திங்கட்கிழமை.

என் அன்புக்கும் அதைவிட அதிகமாக என் பயத்துக்கும் உரிய ரொமில்டா அக்காவுக்கு,

உன் தம்பி எலியோதோரோ வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் மகள் யமிலாவும் மெர்செத் மாதாவின் தயவால் சுகமாக இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் இந்த ஜூலைக் குளிரில் மாதாவின் தயவுக்கு வெளியே நிற்கிறது. அங்கே திரான்காஸில் உன் சுகமும், பதினேழு பசுக்களின் சுகமும், முக்கியமாகக் கம்பி வேலியில் காலைக் கிழித்துக்கொண்ட அந்தக் கறுப்பியின் சுகமும் அறிய ஆவல்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ தொலைபேசியில், "என்னடா ஆச்சு? பொண்ணு பெட்டி கட்டுறாளா இல்லையா?" என்று கேட்டாய். பாக்டீரியா என்றால் என்ன என்பதிலிருந்து நான் ஆரம்பித்தேன். "விஷயத்துக்கு வாடா எலியோ" என்று சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம். கடிதத்தை இடையில் யாரும் வைத்துவிட முடியாது. முடிவை முதல் வரியிலேயே எழுதிவிடலாம்தான். ஆனால் முடிவு தெரிந்த வகுப்பு பாடத்தைக் கேட்காது என்பது என் முப்பத்தெட்டு வருஷ அனுபவம். எனவே பொறுமையாகப் படி. ஒரு குவளை மாத்தே போட்டு வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது.

யமிலாவுக்கு ஆய்வுக்கூடம் கொடுத்த இரண்டு வருஷ உதவித்தொகை இந்த மாதத்தோடு முடிகிறது என்பதும், ஜூலை பதினோராம் தேதி வெள்ளிக்கிழமை புவெனோஸ் ஐரெஸிலிருந்து டாக்டர் பெர்லோத்தி என்பவர் வந்து அவள் வேலையைப் பார்த்து, சரி என்றால் நிரந்தர வேலை, இல்லை என்றால் திரான்காஸ் என்று தீர்மானிப்பார் என்பதும் உனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் ஈஸ்டரிலிருந்து கறவைக்கு ஆள் வைக்காமல், அவள் அறையைப் பெருக்கி மெழுகி, "பசுவுக்குப் பட்டம் வேணாம், கைதான் வேணும்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு காத்திருந்தாய். குறை சொல்லவில்லை அக்கா. பதினேழு பசு, உனக்கு இரண்டே கை. ஆனால் இந்தப் பெண் இங்கே என்ன செய்கிறாள் என்று நீ ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன்.

நீ சீஸ் செய்யும்போது முந்தின நாள் எடுத்து வைத்த புளித்த மோரைக் கொஞ்சம் புதுப் பாலில் ஊற்றுகிறாயே, அந்த உறையில் இருப்பவைதான் யமிலாவின் மாணவர்கள். ஒரு தையல் விரலுறை அளவு மோரில் நூறு கோடி இருக்குமாம். நான் என் வாழ்நாளில் வருகைப் பதிவு எடுத்த பிள்ளைகள் எல்லாரையும் கூட்டினாலும் ஆயிரத்தைந்நூறு தேறாது, அதிலும் பாதிப் பேர் கரும்பு வெட்டுக் காலத்தில் வரமாட்டார்கள். இந்த நூறு கோடியும் ஒருநாள் தவறாமல் வருகின்றன, தின்கின்றன, இரண்டிரண்டாகப் பிரிகின்றன, பாலைப் புளிக்க வைக்கின்றன. ஆனால் அவற்றுக்கு ஒரு குறை. நம் ஊர்க் கரும்புத் தோட்டத்தில் ஒருவன் கரும்பை ஒரே கடி கடித்து, வந்த சாற்றைக் குடித்துவிட்டு, இன்னும் சாறு சொட்டும் சக்கையைத் துப்பிவிட்டுப் போவான் பார், அதுபோலத்தான் இவை சர்க்கரையைத் தின்னும். பாதிச் சத்து புளிப்பாக வெளியே போய்விடும். பிறகு தாங்கள் துப்பிய புளிப்பிலேயே மூழ்கி, வளர்ச்சி நின்றுவிடும். சர்க்கரை ஆலை மாதிரி கடைசிச் சொட்டுவரை பிழிந்து எடுக்க வேண்டுமானால், நீயும் நானும் மூச்சு விடுவதுபோல அவையும் காற்றை வைத்து மூச்சு விட வேண்டும்.

இங்கேதான் அக்கா, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவற்றுக்கு மூச்சு விடத் தேவையான அடுப்பு உள்ளே இருக்கிறது. விறகு இருக்கிறது. புகைபோக்கி இருக்கிறது. தீக்குச்சி மட்டும் இல்லை. அந்தத் தீக்குச்சிக்கு ஹீம் என்று பெயர். நம் இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது அதுதான். அதைச் செய்துகொள்ளும் முறை அவற்றுக்குத் தெரியாது. உன் சமையல் நோட்டில் ஒரு பலகாரத்தின் பக்கம் மட்டும் கிழிந்து போயிருந்தால் நீ என்ன செய்வாய்? பக்கத்து வீட்டுக்காரியின் நோட்டிலிருந்து எழுதி எடுத்து ஒட்டிக்கொள்வாய். உன் மகள் அதைத்தான் செய்தாள். ஹீம் செய்யத் தெரிந்த வேறொரு பாக்டீரியாவின் செய்முறையைப் பார்த்தெழுதி, இதன் நோட்டுக்குள் ஒட்டினாள். கண்ணுக்குத் தெரியாத நோட்டு, அதற்குள் கண்ணுக்குத் தெரியாத பக்கம்! பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கத்தரிக்கோல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். அவள் வெட்டிய வட்டம் எல்லாம் உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். அந்தக் கைதான் இது. பயப்படாதே, இதெல்லாம் ஆய்வுக்கூடத்துக்குள்தான் நடக்கிறது. அனுமதி கிடைக்கும்வரை ஒரு சொட்டுகூட உன் பால்பக்கம் வராது.

ஆக, வெள்ளிக்கிழமை காட்ட வேண்டியது இவ்வளவுதான். இரண்டு குடுவை. ஒன்றில் பழைய பாக்டீரியா, மற்றதில் யமிலா திருத்திய புதிய பாக்டீரியா. இரண்டுக்கும் ஒரே உணவு. காற்றுப் படும்படி இரவு முழுக்க ஆட்டிக்கொண்டே இருக்கும் ஒரு மேடை. காலையில் புதியது பழையதைவிட இரு மடங்கு வளர்ந்திருந்தால் அவளுக்கு வேலை.

இனி என் பங்கு. பாக்டீரியாவுக்குப் போடும் இறைச்சிச் சத்துப் பொடி கப்பலில் வந்து துறைமுகத்தில் ஏதோ ஒரு கிடங்கில் ஏப்ரலிலிருந்து தூங்குகிறது. நம் ஆட்கள் இதற்கெல்லாம் உட்கார்ந்து அழுவார்களா? கம்பி வைத்துக் கட்டியாவது ஓட்டிவிடுவார்கள். "சூப்பு வீட்டிலேயே வெச்சுக்கலாம் மாமா" என்றாள் யமிலா. ஒரு காகிதத்தில் எழுதியும் கொடுத்தாள்: கோழியின் நெஞ்சுக்கறி, தண்ணீர், வேறு எதுவும் வேண்டாம், உப்புகூட வேண்டாம், இரண்டு மணி நேரம் கொதிக்க வைத்து, நுரையெடுத்து, மூன்று முறை வடிகட்டவும். கறி வாங்குவதும் கொதிக்க வைப்பதும் என் பொறுப்பு. சூப்பு வைக்க வேண்டிய நாளோ ஜூலை ஒன்பது! எட்டாம் தேதி மாலை கிரோகாவின் கறிக்கடையில் நின்றேன். சுதந்திர நாள் லோக்ரோவுக்காகத் தெருவே வரிசையில் நிற்கிறது. ஒருவர் பன்றிக்கால் கேட்கிறார், ஒருவர் குடல் கேட்கிறார். என் முறை வந்தது. "தோலில்லாத கோழி நெஞ்சு, ஒன்றரைக் கிலோ" என்றேன். பன்றிக்கால் கேட்டவர் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

கிரோகா கத்தியைக் கீழே வைத்தார். "வாத்தியாரே, வீட்டுல யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

"யாருக்கும் இல்லப்பா. விருந்தாளிகளுக்கு."

"ஒன்பதாம் தேதி விருந்தாளிக்குக் கோழியா? எத்தன பேர்?"

"இருநூறு கோடி பேர் இருக்கும்."

"அப்ப சரிதான். அத்தன பேருக்குக் கறி போட்டுக் கட்டுப்படியாகாது" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. அவமானம் தாங்காமல் நான், "எனக்கு மோர்சியாவும் வேணும்" என்று உரக்கச் சொல்லி, கறுத்துப் பளபளவென்று, உள்ளே பன்றி இரத்தமும் வெங்காயமும் மிளகும் அடைத்துத் தொங்கிய அந்த நல்ல குடலையும் கட்டச் சொன்னேன். அப்போதுதான் என்னை ஆணாக மதித்தார்கள்.

மறுநாள் யமிலா அணிவகுப்பு பார்க்கப் போய்விட்டாள். அடுப்பில் நான் வைத்த பானை. தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் லோக்ரோ வாசனை வருகிறது; சோளமும் பூசணியும் பன்றிக்கறியும் கொழுப்பில் குழைகிற வாசனை. என் பானையிலிருந்து வந்தது ஆஸ்பத்திரி வாசனை. ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தேன். அக்கா, வெந்நீரில் ஒரு கோழி தன் நிழலைக் காட்டிவிட்டுப் போனதுபோல இருந்தது. கோழியெல்லாம் ஒரு கறியா, நீயே சொல்! நம் வீட்டில் யாருக்காவது இதை வைத்திருப்போமா? நாளை மறுநாள் இந்தப் பெண்ணின் தலையெழுத்தையே சுமக்கப் போகிற ஜீவன்கள். பண்டிகை நாளில் அவற்றுக்கு உப்புகூட இல்லாத தண்ணீர். மனசு கேட்கவில்லை. அம்மா இருந்தால் நம்மைப் பரீட்சைக்கு இப்படி அனுப்பியிருப்பாளா என்று நினைத்தேன். ஒரே ஒரு மோர்சியாவை எடுத்து, நடுவில் கீறி, பானைக்குள் விட்டேன். அரை மணி நேரம் கொதித்தது. எடுத்து நான் தின்றுவிட்டேன். சூப்பை மூன்று முறை அல்ல, ஐந்து முறை வடிகட்டினேன். கொஞ்சம் நிறம் தங்கிவிட்டது. யமிலா வந்து பார்த்து, "அட, நல்ல கோழியா கெடச்சிருக்கு மாமா" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை என்பதைக் கவனி, சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு விருந்தாளிக்காகக் கறி அடைத்த எம்பனாடா சுட்டு எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடம் போனேன். யமிலாவின் தலைமை டாக்டர் ஓவெஹேரோ அம்மாள் என்னைத் தாழ்வாரத்தில் உட்கார வைத்தார். உள்ளே சாப்பாடு கூடாதாம். கண்ணாடிக் கதவு வழியாக எல்லாம் தெரிந்தது, கேட்டது. மேடை நின்றது. இரண்டு குடுவையையும் வெளியே எடுத்தார்கள். இரண்டும் ஒரேபோலக் கெட்டியாக, கலங்கலாக, ஒரு தாய் பெற்ற இரட்டையர்போல இருந்தன. கருவியில் வைத்து அளந்தார்கள். எண்ணும் ஒன்றாகவே வந்தது.

பெர்லோத்தி உயரமான மனிதர், கழுத்தில் துண்டு சுற்றியவர். "புதுசும் பழசும் ஒண்ணாத்தானே இருக்கு, பொண்ணே. ரெண்டு வருஷமா எதை மாத்தினீங்க?" என்றார்.  உடனே, "துக்குமான்ல மத்தியானம் எல்லாரும் தூங்குவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். பாக்டீரியாவாவது முழிச்சிருக்கு, பரவாயில்ல" என்றார்.

ஓவெஹேரோ அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நாட்டுக்குச் சுதந்திரத்தை இங்கதான் எழுதிக் குடுத்தோம் டாக்டர். அந்த வேலைய முடிச்சுட்டுத்தான் தூங்கப் போனோம்" என்றார். வேறு நாளாக இருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன்.

ஆனால் நான் யமிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை. பேனாவை எடுத்து, அந்த இரண்டு எண்களையும் நோட்டில் வந்தது வந்தபடியே எழுதினாள். தேதி போட்டாள். கையெழுத்துப் போட்டாள். "வந்தது இதுதான் சார். எழுதிட்டேன்" என்றாள். அக்கா, நான் எத்தனையோ பிள்ளைகளுக்கு நேர்மையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். தனக்கே எதிரான விடையை அப்படியே எழுதிய பிள்ளையை அன்றுதான் கண்டேன். அவள் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "புது பாக்டீரியா நல்லாத்தான் வளந்திருக்கு மாமா. பழசு எப்படி வளந்துச்சுன்னுதான் தெரியல. அதுக்கு மூச்சு விட வழியே இல்லியே. யாரோ அதுக்குத் தீக்குச்சி குடுத்த மாதிரி இருக்கு. ரத்தம் பட்டிருந்தாத்தான் அப்படி ஆகும். கோழி நெஞ்சுல ரத்தம் ஏது?" என்றாள்.

எம்பனாடாத் தட்டை மடியிலிருந்து இறக்கிப் பக்கத்தில் வைத்தேன். "யமி" என்றேன்.

"என்ன மாமா?"

"ஒன்பதாம் தேதி பாரு. பண்டிகை."

"சரி."

"அதுங்களும் பாவம்."

"எதுங்க?"

"உன் ஆளுங்கதான். வெறும் கோழித்தண்ணி. ருசி பாத்தேன். நானே குடிக்க மாட்டேன். அதான் ஒரு..." தட்டின் ஓரத்தை விரலால் துடைத்தேன். "ஒரு மோர்சியா போட்டேன்."

அவள் கத்துவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.  திறந்து பார்த்தால் டாக்டர் நோயாளியைக் கேட்பதுபோலக் கேட்கிறாள்: "கீறிப் போட்டீங்களா, முழுசாவா?" "கீறி." "எவ்ளோ நேரம்?" "அரை மணி." "எத்தன?" "ஒண்ணே ஒண்ணு." அவ்வளவுதான், உள்ளே ஓடினாள். "டாக்டர்! பழசுக்கு மாமா சோறு போட்டிருக்கார்!" என்று கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். ஓவெஹேரோ அம்மாள் வந்து என் வழுக்கைத் தலையில் முத்தம் கொடுத்தார். ஏன் என்று எனக்கு ஐந்து நிமிஷம் புரியவில்லை. பின்னாலேயே வெளியே வந்த பெர்லோத்தி, என் தட்டிலிருந்து எடுத்த எம்பனாடாவுடன் வாயைத் திறந்தபடி நின்றார்.

யமிலா எனக்கு விளக்கினாள், நானே அவளுக்கு விளக்கக் கற்றுக்கொடுத்த மாதிரி, உதாரணத்தோடு. பழைய பாக்டீரியாவுக்கு நான் தெரியாமல் தீக்குச்சி கொடுத்துவிட்டேன்; அதனால் அதுவும் அடுப்பை மூட்டிக்கொண்டு மூச்சு விட்டு வளர்ந்துவிட்டது. அப்படியானால் குறைவது தீக்குச்சி மட்டும்தான் என்பது நிச்சயமாயிற்று. புதியதோ அதைத் தானே செய்துகொள்ளும். "நீங்க போட்டா பழசு வளரும் மாமா. நீங்க போடாட்டியும் புதுசு வளரும். அதைக் காட்டினாப் போதும்."

பெர்லோத்தி வாயைத் துடைத்துக்கொண்டார். "கதை நல்லாருக்கு. எம்பனாடா அதைவிட நல்லாருக்கு. ஆனா நான் கதையைப் பாக்க வரல. நாளைக்கு நாலு மணிக்கு எனக்கு விமானம். அதுக்குள்ள மோர்சியா இல்லாம காட்டுங்க" என்றார்.

அன்று சாயங்காலம் சூப்பை அவளே வைத்தாள். நான் சமையலறைக்கு வெளியே நாற்காலி போட்டு முதுகைக் காட்டி உட்கார வேண்டும் என்று உத்தரவு. உட்கார்ந்தேன். நீ தொலைபேசியில் கேட்டது அந்த நேரம்தான். பதில் என்னிடம் இருக்கவில்லை அக்கா, அதனால்தான் பாக்டீரியாவிலிருந்து ஆரம்பித்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணி. இந்த முறை எனக்கும் ஒரு வெள்ளைக் கோட்டு மாட்டி உள்ளே விட்டார்கள். மேடை நின்றது. பழைய பாக்டீரியாவின் குடுவை, பால் குடித்த தம்ளரைக் கழுவிய தண்ணீர்போல லேசாக வெளுத்திருந்தது. பின்னால் பிடித்த விரல் தெரிந்தது. புதியதன் குடுவை கடைந்த மோர் மாதிரி. விரல் இல்லை, கை இல்லை, பின்னால் நின்ற யமிலாவே தெரியவில்லை. முந்தின நாள் சாயங்காலம் கண்ணாடிபோல இருந்த சூப்பு அது! எந்தச் சத்தமும் இல்லாமல், யாரும் நிற்கச் சொல்லாமல் உட்காரச் சொல்லாமல், அர்ஜென்டினாவின் மொத்த ஜனத்தொகையைப்போல எத்தனையோ மடங்கு உயிர்கள் ஓர் இரவில் அந்தக் குடுவைக்குள் பிறந்து, இவள் ஒட்டிக்கொடுத்த பக்கத்தைத் தப்பில்லாமல் வாசித்து, அவற்றின் பாட்டன் பூட்டன் எவரும் மூட்டாத அடுப்பை மூட்டி மூச்சு விட்டிருக்கின்றன. நான் தொப்பியைக் கழற்றினேன். தொப்பி அணிந்திருக்கவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. கை தானாகத் தலைக்குப் போயிருக்கிறது. இத்தனை காலம் உயிர் என்றால் பசு, மரம், மனிதன் என்று பாடம் நடத்தியவன். உயிரின் பெரிய வகுப்பறையில் நான் கடைசி பெஞ்சுக்காரன் என்று அன்றுதான் புரிந்தது.

பெர்லோத்தி எண்ணை மூன்று முறை பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து நான்காவது முறையும் பார்த்தார். இரு மடங்கைத் தாண்டி இருந்தது. "நான் இங்க எதுவும் சொல்லக் கூடாது, விதிமுறை" என்றார். கதவுவரை போய்த் திரும்பினார். "ஆனா பெட்டி கிட்டி கட்டியிருந்தா அவுத்து வெச்சிடுங்க, டாக்டர் யமிலா."

டாக்டர் என்று சொன்னார் அக்கா. புவெனோஸ் ஐரெஸ்காரர் தன் வாயால்.

ஆகவே இக்கடிதத்தின் வேண்டுகோள் மூன்று. கறவைக்கு இந்த வாரமே ஆள் வை. அவளைத் தொலைபேசியில் அழைத்து, ஒரு நல்ல வார்த்தை சொல்லு. அவள் அதற்காகத்தான் இரண்டு நாளாகத் தொலைபேசி பக்கத்திலேயே சாப்பிடுகிறாள். மோர்சியா விஷயத்தைத் திரான்காஸில் யாரிடமும் சொல்லாதே. இனி அறிவியல் சம்பந்தப்பட்ட எந்தப் பானையையும் தொடுவதில்லை என்று மாதா படத்தின் முன் சத்தியம் செய்திருக்கிறேன்.

உன் பசுக்கள் மடி நிறையக் கறக்கட்டும், உன் சீஸ் வெடிப்பில்லாமல் முதிரட்டும், கறுப்பியின் கால் ஆறட்டும். உன் காலைத் தொட்டு வணங்கும்,

தம்பி எலியோதோரோ.

பின்குறிப்பு (ஜூலை 23): கடிதத்தைக் கோட்டுப் பையில் வைத்துவிட்டு மறந்துபோனேன். அதற்குள் பெர்லோத்தியின் அறிக்கை வந்துவிட்டது. யமிலாவுக்கு வேலை உறுதி. ஆனால் கட்டுரையாக வெளியிடும்போது, "ஓய்வுபெற்ற ஆசிரியர் தற்செயலாகச் செய்த ஒப்பீட்டையும்" முறைப்படி செய்து எண்ணோடு சேர்க்க வேண்டுமாம். எனவே என் பெயரும் அச்சில் வருகிறது. சத்தியத்தை மாதாவிடம் பேசித் திரும்ப வாங்கிக்கொண்டேன். சங்கடம் என்னவென்றால், யமிலா அதே சூப்பில் ஒரு மோர்சியா போட்டு ஐந்து முறை செய்துவிட்டாள். பழைய பாக்டீரியா அன்றுபோல வளரவே மாட்டேன் என்கிறது. ஒரு வாரமாகத் தூங்காமல் கணக்கைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், தன்மேல்தான் தப்பு என்று நினைக்கிறாள். ஆகையால் அக்கா, மேலே "ஒன்று" என்று நான் எழுதிய இடத்திலெல்லாம் "மூன்று" என்று திருத்திப் படித்துக்கொள். முதலாவது ருசிக்கு, இரண்டாவது அதற்குத் துணை, மூன்றாவது பண்டிகைக்கு. நாளைக் காலை அவளிடம் சொல்லிவிடப் போகிறேன். கறவைக்கு ஆள் வைப்பதை மட்டும் ஒரு வாரம் தள்ளிப்போடு; நானே வந்து சேர வேண்டியிருக்கலாம்.